வெள்ளிக்கிழமை மேட்ச், காலையில் வெயிட்

டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிக்காக வாலிபால் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை செவ்வாயும் வெள்ளியும் நம் கையில் இல்லை. லீக் ஆட்டங்களெல்லாம் அந்த இரண்டு நாட்களில்தான். அதற்கு முன்னால், ஆகஸ்டில், வியாழன் தொடங்கிச் சனி வரை இழுக்கும் டோர்னமெண்ட்கள். நவம்பரில் மாநிலப் போட்டி முடிந்து மூச்சு விடுவதற்குள் பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப் சீசன் வந்து நிற்கும்; அது அடுத்த கோடை வரை ஓடும். நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு. இந்தக் கால அட்டவணையை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், மேட்ச் அன்றைக்குப் பிள்ளைகள் வெயிட் தூக்கலாமா என்ற விவாதத்தில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதுதான்.

விவாதம் எங்கே நடக்கும் என்றால், ஜிம்மில் பெற்றோர் உட்காரும் மரப்பலகை வரிசைகளில். இரண்டு செட் தோற்று மூன்றாவதிலும் பின்தங்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இன்றைக்குக் காலையில் இவர்களை வெயிட் ரூமுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கால் எப்படி எழும்பும்?" உடனே நாலு பேர் தலையாட்டுவார்கள். போன வாரமும் அதே வெயிட் ரூமுக்குப் போய்விட்டு வந்துதான் மூன்று செட்டில் ஜெயித்தார்கள் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது.

ஊரிலிருந்தும் அதே குரல். என் தாய்மாமா ஒருவர் இளவட்டத்தில் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் டியூப்லைட் கட்டி விடிய விடிய நடக்கும் வாலிபால் போட்டிகளில் ஸ்பைக்கர். பேத்தி ஆடுகிறாள் என்றால் அவருக்கு உயிர். போனில் இதைக் கேள்விப்பட்டதும் கொதித்துவிட்டார். "மேட்ச் அன்னைக்குப் பிள்ளைய வெயிட் தூக்க விடுதியாக்கும்? சாயங்காலம் கையத் தூக்க முடியுமா ஏட்டி? நாங்கல்லாம் மேட்ச்னா மத்தியானம் ஒரு வாய் சோறு கூடக் குறைச்சுத்தான் திம்போம்."

மாமா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் காலத்தில் போட்டி என்பது திருவிழா மாதிரி எப்போதாவது வருவது. அதற்கு முன் இரண்டு நாள் உடம்பைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 'வெயிட்' என்றால் அவர்கள் அறிந்தது, யாராவது ஒரு பி.டி. மாஸ்டர் கிறுக்குப் பிடித்து நூறு தண்டால், நூறு பஸ்கி எடுக்கவைத்து மறுநாள் படியேற முடியாமல் செய்வது. அந்த வகை உழைப்பை மேட்ச் அன்றைக்கு வைத்தால் அவர் சொல்வதுதான் நடக்கும்.

ஆனால் இங்கே திருவிழா வாரத்துக்கு இரண்டு முறை. செவ்வாயும் வெள்ளியும் கூடாது என்று கழியுங்கள். மேட்சுக்கு முந்தின நாள் கால் களைக்கக் கூடாது என்று திங்களையும் வியாழனையும் கழியுங்கள். சனிக்கிழமை டோர்னமெண்ட், அல்லது அலுப்பு. ஞாயிறு பள்ளி பூட்டியிருக்கும். மிஞ்சுவது புதன் ஒன்று. பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு விளையாட்டுக்கு வாரத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது என்று மாநிலத்தின் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல். விதி வைத்திருக்கிறது. அந்த எட்டு மணிக்குள் சர்வ், பாஸ், பிளாக் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே பெரும்பாலான கோச்சுகள் வெயிட்டைப் பள்ளி நேரத்துக்குள், விளையாடும் பிள்ளைகளுக்கென்று வரும் அத்லெடிக்ஸ் பீரியடில்தான் நுழைக்கிறார்கள். அந்த பீரியட் வெள்ளிக்கிழமையும் வரும்.

"சரி, சீசன் முழுக்க வெயிட்டே வேண்டாமே, கோடையில் தூக்கியது போதாதா?" என்று கேட்கலாம். மூன்று நான்கு வாரம் வரை போதும். சேர்த்துவைத்த பலம் அதற்குள் பெரிதாக இறங்கிவிடாது. அதற்கப்புறம் இறங்கத் தொடங்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிறுத்தினால் அக்டோபர் கடைசியில், சரியாக பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்று வரும் நேரத்தில், பிள்ளை சீசன் தொடங்கியபோது இருந்ததைவிடப் பலம் குறைந்து நிற்பாள். குதிப்பது மட்டும் குறையாது. வலையின் நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுக்கும் ஒரு மிடில் பிளாக்கர் ஐந்து செட் ஆட்டத்தில் எத்தனை முறை எம்பிக் குதித்து இறங்குகிறாள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். ஒவ்வொரு இறக்கத்தையும் தாங்குவது தொடையும் பிட்டமும்தான். அவை தளர்ந்தால் பாரம் முட்டிக்குப் போகும். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வலிக்கும் 'ஜம்பர்ஸ் நீ' இந்தப் பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்தான். அதனால் சீசனில் வாரம் ஒன்றிரண்டு தடவையாவது இரும்பைத் தொட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த நாள் என்பதில்தான் தகராறு.

இங்கேதான் பலரும் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். நன்றாக வேலை வாங்கிய தசையின் வலி அன்றைக்கே வருவதில்லை. மறுநாள் மெல்லத் தலைகாட்டி, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு அடங்கும். அப்படியானால் வெள்ளி மாலை ஆட்டத்துக்குப் 'பத்திரமான' நாள் என்று எல்லோரும் நம்பும் புதன் மதியம் ஒரு பிள்ளை குந்தி எழும் ஸ்குவாட்டை வெறித்தனமாகப் போட்டால், வலி எப்போது உச்சத்தில் இருக்கும்? வெள்ளிக்கிழமைதான். மேட்ச் அன்றைக்கு மட்டும் தூக்காதே என்று கவனமாக இருந்துவிட்டு, புதன்கிழமை வரவேண்டிய பாக்கியையெல்லாம் ஒரேயடியாக வசூல் பண்ணும் கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளியன்று அந்தப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து படியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை வெயிட் ரூமில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருநாள் பெற்றோருக்கு அனுமதி உண்டு என்றதும் போய் ஓரமாக நின்றேன். வெள்ளைப் பலகையில் நாலே நாலு வரி. முதலில் அறுகோண வடிவக் கம்பி, டிராப் பார் என்பார்கள். பாரத்தை முன்னால் வைத்துத் தூக்காமல் கம்பிக்கு நடுவே புகுந்து நின்று தூக்குவது, முதுகுக்கு நல்லது. மகள் உள்ளே போய் நின்றாள், இரண்டு கையாலும் பிடியைப் பிடித்தாள், மூச்சை அடக்கினாள், எழுந்தாள். 135 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 61 கிலோ. அவளால் தூக்க முடிந்த உச்சத்தில் முக்கால் பங்குகூட இருக்காது. ஆனால் எழுந்த வேகத்தில் இரண்டு பக்கமும் தட்டுகள் குலுங்கின. இரண்டு தடவை எழுந்ததும் கம்பியைக் கீழே விட்டுவிட்டாள். மூன்றாவதற்குக் கை போகும்போதே கோச், "போதும், நட" என்றார். இரண்டு நிமிடம் நடை. பிறகு மரப்பெட்டி மீது மூன்று தாவல். மறுபடி கம்பி. இப்படி மூன்று சுற்று. கடைசியில் தோளுக்கு ரப்பர் பட்டையில் கொஞ்சம் இழுவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது, நெற்றியில் வேர்வை அரும்பியதோடு சரி, கன்னத்தில் வழியவில்லை. யாரும் கத்தவில்லை, பாட்டுச் சத்தம்கூட அளவோடுதான் இருந்தது. இதையா மாமா அத்தனை பயந்தார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கம்பி எவ்வளவு கனம் என்பதைவிட எத்தனை தடவை தூக்குகிறோம், தசை திணறும்வரை போகிறோமா என்பதுதான் களைப்பைத் தீர்மானிக்கிறது. எட்டு, பத்து என்று எண்ணி, கடைசித் தடவை முக்கி முனகி எழுவது உடம்பை வளர்க்க நல்ல வழி. மேட்ச் அன்றைக்கு அது கூடாது. கனமாக, வேகமாக, இரண்டே தடவை என்றால் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை கரைவதும் கொஞ்சம்தான், நார்கள் சிதைவதும் கொஞ்சம்தான். நரம்புக்கு மட்டும் நன்றாக விழிப்பு வரும்.

இப்படிச் செய்தால் மாலையில் இன்னும் நன்றாக ஆடலாம் என்று ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இதில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். கனமான ஒன்றைத் தூக்கிய பிறகு சில நிமிடங்களுக்குத் தசை வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். விளையாட்டு விஞ்ஞானிகள் இதைப் 'பொடென்ஷியேஷன்' என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது நிமிடக் கணக்கு. காலை பத்து மணிக்குத் தூக்கியதை மாலை ஆறரைக்கு இது தாங்கி நிற்காது. இரண்டாவது, மணிக்கணக்கில் நீடிக்கும் விளைவு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 ரக்பி வீரர்களைக் காலையில் பெஞ்ச் பிரஸ்ஸும் (மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது) ஸ்குவாட்டும் கனமாகப் போடவைத்தார்கள்; சும்மா இருந்த நாளைவிட, தூக்கிய நாள் பிற்பகலில் அவர்கள் 40 மீட்டரை வேகமாக ஓடினார்கள். நாள் போகப் போக இயல்பாக இறங்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் அளவு, காலையில் தூக்கியவர்களுக்கு அவ்வளவாக இறங்கவில்லை என்றும் கண்டார்கள்.

அருமை. ஆனால் அவர்கள் பணத்துக்கு ஆடும், ஆண்டுக்கணக்கில் இரும்போடு பழகிய வளர்ந்த ஆண்கள். என் வீட்டில் இருப்பது பதினாறு வயதுப் பெண், முந்தின நாள் இரவு கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட் எழுதியவள். அந்த ஆய்வின் முடிவை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அளவாகச் செய்தால் காலை வெயிட் மாலை ஆட்டத்தைக் கெடுத்துவிடாது. நன்மை வந்தால் லாபம். அதை நம்பித் தூக்க வேண்டியதில்லை. சீசன் முழுக்கப் பலம் குறையாமல் இருக்கத்தான் தூக்குகிறோம். அதற்கு வெள்ளிக்கிழமையும் ஒரு நாள், அவ்வளவுதான்.

இந்தப் பயம் நம்மவர்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கோச்சுகளே ஒரு காலத்தில் வெயிட் தூக்கினால் உடம்பு இறுகி ஆட்டக்காரன் மந்தமாகிவிடுவான் என்று நம்பியவர்கள். 1969-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்க ஃபுட்பால் அணிக்காக பாய்ட் எப்லி என்ற இளைஞரை வெயிட் பயிற்சிக்கென்றே வேலைக்கு வைத்தது. ஒரு பையன் மெதுவானால்கூட வேலை போய்விடும் என்று தலைமைக் கோச் பாப் டெவனி எச்சரித்ததாகச் சொல்வார்கள். 1970-லும் 1971-லும் அந்த அணி தேசிய சாம்பியன். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. 1978-இல் வெயிட் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கியவரும் அதே எப்லிதான்.

என் அம்மாவின் கவலை வேறு. "வளர்ற பிள்ளை, கனம் தூக்குனா கட்டையாப் போயிருவா." இதற்கு நான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தையே துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. சரியான முறையில், மேற்பார்வையோடு செய்யும் எடைப் பயிற்சியால் பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படாது என்பதுதான் 2020-இல் வந்த அவர்கள் அறிக்கையின் நிலை. அம்மா நம்பவில்லை. பேத்தி இப்போது அவளைவிட ஒரு சாண் உயரம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டாள்.

இவ்வளவு பரிந்து பேசிவிட்டு, நான் கண்டிப்பாக எதிர்க்கும் ஒன்றுக்கு வருகிறேன். விடியற்காலை ஆறு மணி வெயிட். அத்லெடிக்ஸ் பீரியடில் இடம் கிடைக்காத பள்ளிகளில், அல்லது கோச்சுக்கு 'ஒழுக்கம்' பற்றிப் பெரிய அபிப்பிராயம் இருக்கும் இடங்களில், மேட்ச் நாளில் பிள்ளைகளை ஆறு மணிக்கு வெயிட் ரூமில் நிற்கச் சொல்வார்கள். ஆறுக்கு அங்கே நிற்க ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அப்படியென்றால் முந்தின இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும். எந்த வீட்டில் நடக்கிறது? செவ்வாய்க்கிழமை வெளியூர் மேட்ச் முடிந்து பஸ் பள்ளிக்குத் திரும்பவே பத்தாகிவிடும். அப்புறம்தான் குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம். நான் சூடாகத் தோசை வார்த்துக் கொடுத்து, அவள் தட்டின் மேலேயே தூங்கி வழிந்த இரவுகள் உண்டு.

112 பள்ளி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. அதே ஆண்டு குழந்தை மருத்துவர் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. கலிஃபோர்னியா அதை உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டமாகவே ஆக்கி 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தனைக்கும் மேல், முட்டியைக் காக்கவென்று தூக்கும் வெயிட்டுக்காக, முட்டியைக் காக்கும் தூக்கத்தைப் பறிப்பது என்ன கணக்கு? இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பிள்ளை தூங்கட்டும். கோச்சிடம் இதை எழுத்தில் சொல்லவும் நான் தயங்க மாட்டேன்.

மேட்ச் நாளில் 'மேக்ஸ்' பார்ப்பதும், அதாவது ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று சோதிப்பதும், இதே ரகம். புதிதாக ஓர் உடற்பயிற்சியை அன்றைக்கு அறிமுகப்படுத்துவதும் கூடாது. பழகாத அசைவுதான் உடம்பை அதிகம் வலிக்கவைக்கும். கோடையில் வெயிட் ரூம் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை செப்டம்பரில் மேட்ச் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கம்பியைத் தொடுவாள் என்றால், அவளைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பெற்றோர் கண்ணில் படாமலே நடக்கிறது. வெயிட் ரூமுக்கு முன்னால் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலில் கலக்கிக் குடிக்கும் அந்த வண்ணப்பொடி, 'ப்ரீ-வொர்க்கவுட்'. பலவற்றில் காஃபின் கொட்டிக் கிடக்கும். காலையில் அது, மாலையில் மேட்சுக்கு முன் ஓர் எனர்ஜி டிரிங்க், இரவு ஒரு மணி வரை தூக்கம் வராமல் போனோடு மல்லாந்து கிடப்பது. எனர்ஜி டிரிங்குகளுக்குப் பிள்ளைகளின் உணவில் இடமே இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் 2011-லேயே சொல்லிவிட்டார்கள். கம்பியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் ஒருநாள் விளையாட்டுப் பையைத் திறந்து பார்க்கலாம்.

ஃபுட்பால் கதை கொஞ்சம் வேறு. வாரத்துக்கு ஒரே மேட்ச், பெரிய அணிக்கு வெள்ளி இரவு. அவர்களுக்குத் திங்களும் செவ்வாயும் கையில் இருக்கின்றன. கனமான வேலையை அங்கே முடித்துவிடலாம், வெள்ளியன்று தூக்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அதனால் ஃபுட்பால் கோச் "எங்கள் பையன்கள் மேட்ச் அன்று தூக்குவதில்லை" என்று சொல்வதை அப்படியே வாலிபாலுக்கும், அதே மாதிரி செவ்வாய், வெள்ளி ஆடும் கூடைப்பந்துக்கும் ஒட்டவைக்க முடியாது.

களைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். உயரமான கம்பம், உச்சியில் அரை அங்குல இடைவெளியில் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் தகடுகள். வெர்டெக் என்று பெயர். எம்பிக் கையால் தட்டினால் எட்டிய உயரம் வரைக்கும் தகடுகள் திரும்பிக்கொள்ளும். வழக்கமாக எட்டும் தகட்டைவிட இரண்டு மூன்று கீழே நின்றால், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கம்பி கிடையாது. தோளுக்கு ரப்பர் பட்டையை மட்டும் இழுத்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். காரணம் மாதவிடாயாக இருக்கலாம், முந்தின நாள் பரீட்சையாக இருக்கலாம், காதல் சண்டையாகக்கூட இருக்கலாம். கோச் கேட்பதில்லை. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது.

இத்தனை பேச்சிலும் யார் வாயிலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. வாலிபால் களத்தில் ஒரு பக்கம் ஆறு பேர், பின்வரிசையில் பந்தை எடுக்க உள்ளே வெளியே போய்வர ஒரு லிபரோ. அணியில் மீதிப் பிள்ளைகள் வார்ம்-அப்பில் குதிப்பதோடு சரி, பிறகு இரண்டு மணி நேரம் கை தட்டிக்கொண்டு நிற்பார்கள். செவ்வாயும் அப்படி, வெள்ளியும் அப்படி. மேட்ச் என்ற பெயரில் வாரத்துக்கு இரண்டு நாள் அவர்கள் உடம்புக்கு வேலையே இல்லை. நவம்பரில் முதலில் களமிறங்கும் ஸ்டார்ட்டர் ஒருத்தி காலைச் சுளுக்கிக்கொண்டதும், மூன்று மாதம் சும்மா நின்றவளைப் பிளேஆஃபில் உள்ளே இறக்குவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை அத்லெடிக்ஸ் பீரியடில் அளவான வெயிட் இல்லை, முழு வெயிட்டே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பள்ளியில் இன்னும் எல்லோருக்கும் ஒரே பலகைதான், அதே நாலு வரிதான். அணிக்கு உதவும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பின் போன கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். பெஞ்சில் நிற்கும் பிள்ளையின் அம்மா ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் டி-ஷர்ட் நிறத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் கிளப்புவேன்.